தொண்ணூற்றைந்து பாகை

பண்ணைக்காட்டுப் பக்கம் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தவரின் கால், காட் ரோடு இறங்கி வத்தலக்குண்டு வருவதற்குள் முழங்காலுக்கு மேலே இன்னொரு முழங்கால் முளைத்ததுபோல் ஆகியிருக்கும். கெண்டைத் தசை முறிந்த தொடையெலும்பின் கீழ்த்துண்டைப் பின்னால் இழுத்துவிடும்; அங்கேதான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. மேலேயே தாமஸ் ஸ்பிளின்ட் போட்டு அனுப்பிய புண்ணியவான் யாரென்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் காலைக் காத்தது அந்த இரும்பு வளையம். சாலை இல்லாத காலத்தில், பெரியகுளம் பக்கத்துத் தோப்பிலிருந்து டோலியில் ஆட்கள் கொடைக்கானல் ஏறியிருக்கிறார்கள். டோலியில் இந்த முறிவோடு இறங்கியவரை நினைத்தால் என் தொடையே வலிக்கிறது.

மலைக்காரரின் முழங்கால் கறாரான பரீட்சை அதிகாரி. தொண்ணூறு பாகை மடங்கினால் சமவெளியில் நாற்காலியில் உட்கார்ந்து பிழைத்துக்கொள்ளலாம். தாண்டிக்குடி காப்பித் தோட்டச் சரிவில் அது எந்த மூலைக்கு? ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது. கால் ஒரு பக்கம் சாய்ந்து கூடியிருந்தால் இறக்கத்தில் முதல் நாளே தெரிந்துவிடும்.

அதனால்தான் என் மனம் இன்னும், எலும்புக்குள் நுழையும் அலகும் வெளியே படியும் தகடும் ஒரே இரும்பாக வளைந்த தொண்ணூற்றைந்து பாகை பிளேடு பிளேட்டிலேயே கிடக்கிறது. 1958-இல் சுவிட்சர்லாந்தில் மாரீஸ் முல்லரும் கூட்டாளிகளும் கூடி, முறிந்த எலும்பை இறுக்கிப் பொருத்த விதிகள் வகுத்த வழியில் வந்த இரும்பு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதைத் தொடுவதற்கு முன்தினம் இரவே தொட்டுவிடுவார். நல்ல காலின் எக்ஸ்ரேயை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பட்டர் பேப்பரில் வரைந்து, முறிந்த துண்டுகளை அதன்மேல் பொருத்திப் பார்ப்பார். தியேட்டரில் மூன்று கம்பிகள். மூட்டுக்கோட்டைச் சொல்ல ஒன்று, முழங்கால் சில்லு உருளும் முன்பக்கச் சரிவைச் சொல்ல ஒன்று. அவை இரண்டையும் பார்த்து, மூன்றாவது எலும்புக்குள் போகும். அதன்பின் பிளேடுக்கு வழிவெட்டும் உளி.

அந்த உளிக்காகவே இதை எழுதுகிறேன். மூட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேலே நுழைகிறது. மூட்டுக்கு இணையாக, முன்சரிவுக்கு இணையாக, பிளேட் தொடைத்தண்டின் மேல் படியும்படி – மூன்று கணக்கும் ஒரே அடியில் சரியாக வேண்டும். பாதி தூரம் போனபின் திருத்த வழியில்லை. எலும்போ பின்னால் அகலம், முன்னால் குறுகல். எக்ஸ்ரேயில் அளவாகத் தெரியும் பிளேடு உண்மையில் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். படத்தில் குட்டையாகத் தெரிவதே சரியான நீளம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரின் சுத்தியல் சத்தத்தைக் கேட்டே, உளி எந்த எலும்பில் போகிறதென்று மயக்க மருந்து டாக்டர் சொல்லிவிடுவார்.

இந்த முறிவுக்குக் கத்தியே வேண்டாம் என்றது 1967-இல் வந்த, நீயர் என்ற அறுவை மருத்துவரின் கட்டுரை: ட்ராக்ஷனில் 90 சதவீதம் திருப்தி, அறுவையில் 52. பன்னிரண்டு ஆண்டு கழித்து டொரோண்டோவிலிருந்து ஷாட்ஸ்கரும் லாம்பர்ட்டும் பதில் சொன்னார்கள். விதிப்படி இறுக்கிப் பொருத்திய கால்களில் 71 சதவீதம் நன்றாயின. விதியை விட்டவற்றில் 21. இரும்பை விட்டுவிட்டுக் கையைக் கேள்வி கேட்ட கட்டுரை அது.

மூட்டுக்குள்ளிருந்து மேல்நோக்கி நெயில் ஏற்றும் நண்பர்களோடு எனக்குச் சண்டையில்லை. காயம் சிறிது, வேலை சீக்கிரம். ஆனாலும் உடையாத குருத்தெலும்பில் வாசல் திறக்க எனக்கு மனசு வராது. லாக்கிங் பிளேட்டுக்கு அதிகமாகவே விட்டுக்கொடுக்கிறேன்: பாட்டிகளின் பொரிப்பொரியான எலும்பில் அதுதான் நிற்கும், மூட்டுக்குமிழின் பின்பாகம் தனியே பிளந்த ஹோஃபா துண்டு இருந்தால் என் பிளேடு உதவவே உதவாது. என் புகார் வேறு. துண்டுகள் கோணலாக இருந்தாலும், பிளேட்டிலேயே மரையிட்டு இறுகும் அதன் ஸ்க்ரூ அப்படியே பூட்டிக்கொடுத்துவிடுகிறது. தியேட்டர் எக்ஸ்ரேயான சி-ஆர்மில் நேர்ப்படம் ஒன்று, பக்கவாட்டுப் படம் ஒன்று, தையல். ஓட்டை இருக்கிறதே என்று எல்லா ஓட்டையிலும் ஸ்க்ரூ போட்டு விறைப்பாக்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து எலும்பு ஏன் கூடவில்லை என்று கேட்கிறார்கள். பட்டர் பேப்பர் கேட்டால், கேன்டீனில் இருக்கும் சார் என்றான் ஒரு பையன்.

பேப்பரில் வரைந்து நான் செய்த முதல் கால் தாண்டிக்குடிக்காரருடையது. ஒரு வருடம் கழித்து விருப்பாச்சி வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். பேசிக்கொண்டே அறை மூலையில் குந்தி உட்கார்ந்து தாரை இறக்கிவைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தார். கோணமானியை எடுக்கப் போன நான் மேசை இழுப்பறையை மூடிவிட்டேன்.