கட்டிலைத் தூக்கிய இரண்டு கங்காக்கள்

கணவன் வெளியே போக வேண்டாம் என்கிறான். மனைவி ஏன் என்று கேட்கிறாள். அவன் பிடிகொடுக்காமல் மறுத்துக்கொண்டே இருக்க, அவள் ஆளே மாறிப்போய் ஒரு கையால் கட்டிலைத் தூக்குகிறாள். 1993 டிசம்பரில் ஃபாசிலின் மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் இதைச் செய்தவர் ஷோபனா. அதைத் தழுவி 2005 ஏப்ரலில் வந்த பி.வாசுவின் 'சந்திரமுகி'யில் செய்தவர் ஜோதிகா. இரண்டு படங்களுக்கும் உயிர்நிலை இந்தக் காட்சிதான். இரு நடிகைகளையும் எடைபோட வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஷோபனாவின் கங்கா, கல்யாணத்துக்கு நகை வாங்கப் புறப்படும் உற்சாகத்தில் இருக்கிறாள். கணவன் மறுத்ததும் முதலில் வருவது கோபமே அல்ல, குழப்பம். இவர் இப்படிப் பேசுகிறவர் இல்லையே என்ற திகைப்பு. அதன் பிறகு புருவம் மெல்லச் சுருங்குகிறது. குரல் ஒரு படி இறங்குகிறது. கெஞ்சல், எரிச்சல், ஆங்காரம் என்று ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்றுதான் அடுத்ததற்குப் போகிறார். கட்டில் உயரும் நேரத்தில் நாம் பார்ப்பது கட்டிலை அல்ல, அந்தக் கண்களை. கணவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதும் உடம்பு தளர்ந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல் விழிக்கிறாளே, அந்த இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினமானது. தேசிய விருது ஷோபனாவுக்குச் சும்மா வந்துவிடவில்லை.

ஜோதிகா இதே காட்சியில் சீக்கிரமே உச்சத்துக்குப் போய்விடுகிறார். அந்தப் பெரிய கண்கள் முழு வேகத்தில் உருள, பின்னணி இசை கூடவே முழங்க, தியேட்டர் அதிர்ந்தது உண்மை. திகில் இருக்கிறது, பயமும் வருகிறது. ஆனால் படிகள் குறைவு. இதை ஜோதிகாவின் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கங்கா யார் என்று நமக்குக் காட்டப் படம் அவருக்கு முன்பாதியில் எவ்வளவு நேரம் கொடுத்தது?

மூலப்படத்தில் முன்பாதி முழுக்க கங்காவின் வீடு. பூட்டிய தெக்கினி அறையைத் திறந்து பார்க்கும் ஆசை, பழங்கதை கேட்கும்போது முகத்தில் வரும் பரவசம், வேலையே கதியென்று கிடக்கும் கணவனிடம் அவள் காட்டும் பொறுமை எல்லாம் அங்கே இருக்கின்றன. மோகன்லாலின் டாக்டர் சன்னி படத்துக்குள் வரவே நெடுநேரம் ஆகிறது. அந்தக் காலத்தில் மலையாளத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் அவர். அவரை அவ்வளவு நேரம் வெளியே நிறுத்திவைக்க ஒரு கதைக்குத் துணிச்சல் வேண்டும். 'சந்திரமுகி' ரஜினிகாந்தின் படம். 'பாபா'வின் தோல்விக்குப் பிறகு அவர் திரும்பி வந்த படம். சண்டையும் அறிமுகப் பாட்டுமாக டாக்டர் சரவணன் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். ரசிகனாக நானும் விசிலடித்தவன்தான். ஆனால் அந்த நிமிடங்கள் எல்லாம் கங்காவின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை.

பெரிய இழப்பு அவளுடைய குழந்தைப்பருவம். மது முட்டத்தின் திரைக்கதையில் சன்னி அவள் வளர்ந்த ஊருக்கே போய் விசாரிக்கிறார். கல்கத்தாவில் பெற்றோர், கிராமத்தில் பாட்டியோடு தனியே வளர்ந்த சிறுமி, பாட்டி சொன்ன கதைகளே அவள் உலகம். பரீட்சை சமயத்தில் பெற்றோர் தன்னை அழைத்துப்போகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முதல் முறையாக நிலைகுலைகிறாள். இதைக் கேட்ட பிறகு, கங்கா தன்னை அவளாகவே எண்ணிக்கொள்ளும் பழங்கதை நாகவல்லி நமக்குப் பேயாகத் தெரிவதில்லை. தமிழில் நாகவல்லியின் இடத்தில் சந்திரமுகி. அங்கே சரவணன் தரும் விளக்கம் வேறு: சந்திரமுகியின் கதையில் மயங்கினாள், அந்த அறைக்குப் போனாள், அவளாகவே மாறினாள். வசனமாக அது பிரமாதம், இன்றைக்கும் ஊரே மனப்பாடமாகச் சொல்கிறது. ஆனால் கதை கேட்ட எல்லோரும் மாறிவிடுவதில்லையே, இவள் மட்டும் ஏன் மாறினாள் என்ற கேள்விக்கு மூலத்தில்தான் பதில் இருக்கிறது.

நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. மலையாளம் பேசும் வீட்டுக்குள் திடீரென்று தமிழ் ஒலிப்பதுதான் அங்கே அச்சம். தமிழ்ப் பார்வையாளராகிய நமக்கு அந்த அனுபவமே தலைகீழ். வீட்டில் மற்ற எல்லோரும் அன்னியர், நாகவல்லி ஒருத்தி நம் மொழி பேசுகிறவள். அவள் பக்கம் நம் மனம் சாய்ந்துவிடுகிறது. தமிழில் எடுக்கும்போது அந்த இடத்தில் தெலுங்கை வைத்தது வாசு எடுத்த நல்ல முடிவு. கன்னட 'ஆப்தமித்ரா'விலேயே அவர் அந்தப் பாதையைச் சோதித்துப் பார்த்திருந்தார். 'ரா ரா' பாட்டு அதனால்தான் எடுபட்டது. அந்த மெட்டையும் பின்னி கிருஷ்ணகுமாரின் குரலையும் மூலப்படத்துக்கு முன்னால் கூச்சமின்றி நிறுத்தலாம்.

நடனத்தில் மட்டும் போட்டியே இல்லை. பரதத்தில் ஊறிய ஷோபனாவுக்கு அடவு யோசித்து வருவதில்லை. கற்பனையில் முழு அலங்காரத்தோடு காதலன் ராமநாதனுடன் ஆடும் நாகவல்லி, அடுத்த கணமே கலைந்த தலையும் அப்பிய மையுமாக நிஜத்தில் ஆடும் கங்கா. இருவரும் வைக்கும் அடி ஒன்றுதான், உடம்பு வேறு. ஜோதிகா அங்கே முகத்தை நம்பி ஆடினார். அந்த முகம் அவரைக் கைவிடவும் இல்லை.

ஷோபனாவைப் புகழும்போது பலரும் விட்டுவிடும் ஒரு பெயர் உண்டு. கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியாக மாறியதும் ஒலிக்கும் அந்தத் தமிழ், துர்கா என்ற பின்னணிக் குரல் கலைஞருடையது. பல ஆண்டுகளாக இரண்டுமே பாக்யலட்சுமியின் குரல் என்றுதான் நம்பப்பட்டது. ஃபாசிலே பிறகு அதைத் தெளிவுபடுத்தினார். கட்டில் உயரும் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அந்த மாற்றத்தில் பாதி துர்காவின் தொண்டையில் நடக்கிறது. 2024-ல் படம் 4கே பொலிவோடு மறுபடி வெளியானபோதும் பேச்செல்லாம் ஷோபனாவின் கண்களைப் பற்றித்தான் இருந்தது. துர்காவுக்கும் அதில் ஒரு பங்கு சேர வேண்டும்.