நாடகாசிரியர் கட்டிய வீடு

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளென்ஹைம் அரண்மனை, 1704-இல் பிரெஞ்சுப் படையை முறியடித்த மார்ல்பரோ டியூக்குக்கு ஆன் ராணி அளித்த பரிசு. அதைக் கட்டிய ஸர் ஜான் வான்பரோ முறையாகக் கட்டடக் கலை பயின்றவர் அல்ல. பட்டாளத்தில் இருந்தார், பாரிஸில் பாஸ்டில் சிறையில் கிடந்தார், பிறகு நாடகம் எழுதிப் பெயர் வாங்கினார். ரசிகர்கள் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத் தூண்களை வர்ணிக்கப் போய்விடுகிறார்கள். எனக்கோ, விஷயமே இதில்தான் இருக்கிறது என்று படுகிறது.

நாடகக் கொட்டகையில் திரை தூக்கியதும் தெரிகிற அரண்மனை மாதிரிதான் அதன் முகப்பு. வருகிறவன் வாயடைத்து நிற்க வேண்டும். சரி, உள்ளே குடியிருப்பவர்கள்? சமையற்கட்டு ஒரு கோடி, விருந்து மண்டபம் வேறெங்கோ. சோறு ஆறிப் போகுமே என்ற கவலை நாடகாசிரியருக்கு ஏன்? மேடையில் யார் நிஜமாகச் சாப்பிடுகிறார்கள்?

அந்தக் கவலை டியூக்கின் மனைவி ஸாராவுக்கு இருந்தது. ஆரம்பத்திலேயே அவள் விரும்பியது கிறிஸ்டபர் ரென் என்ற நிதானமான சிற்பியை. சண்டைக்காரி என்று அவளை ஏசுவது வழக்கம். ஆனால் 1712-இல் கஜானாப் பணம் நின்று, கொத்தர்கள் கூலிப் பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போன வீடு அது. கணக்குக் கேட்டவளை எப்படிக் குறை சொல்வது? ஒன்றில் மட்டும் நான் அவள் கட்சி இல்லை. தோட்டத்தில் நின்ற பழைய ராஜ மாளிகையின் இடிபாட்டைக் காப்பாற்றச் சொல்லி 1709-இல் வான்பரோ மன்றாடி எழுதினார். அவள் பிற்பாடு அதைத் தரைமட்டமாக்கிவிட்டாள்.

அவள் கோபம் முற்றியது பாலத்தைப் பார்த்து. கிளைம் என்ற சிற்றோடை. அதன்மேல் ராட்சசப் பாலம். பாலத்துக்குள் முப்பதுக்கு மேல் அறைகள்! 1716-இல் வான்பரோ வேலையை விட்டு விலகினார். 1725-இல் மனைவியோடு பார்க்க வந்தவரைத் தோட்டத்துக்குள்கூட விடக் கூடாது என்று ஸாரா உத்தரவு போட்டிருந்தாள். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார்.

1744-இல் ஸாராவும் போய்ச் சேர்ந்தாள். அதற்கு இருபது வருஷம் கழித்து, பிரௌன் என்ற தோட்டக் கலைஞர் ஓடைக்கு அணை கட்டி அதைப் பெரிய ஏரியாக்கினார். பாலத்தின் கீழ் அறைகள் தண்ணீருக்குள் போயின. மேலே மிஞ்சிய பாலம் அந்த ஏரிக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல் நிற்கிறது.