அடிச்சட்டத்தின் சூட்சுமம்

தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வந்து நின்ற வாலாஜா ரோட்டுக்கு அண்மையில் வாழ்வோர்க்கு மாதிரி ரயில் என்ஜின்மீது பிரியம் உண்டாவது இயல்பே. ஆயினும், பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் அடிச்சட்டத்திலேதான் சிருஷ்டியின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

அந்தச் சட்டத்தை உருவாக்க, ஒளியுணர் பூச்சிட்ட பித்தளைத் தகட்டின் இருபுறமும் வரைபடத்தைப் பதித்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்கவிடும்போது, இருபுறமும் கரைந்த இடம் துளையாகவும், ஒருபுறம் மட்டும் கரைந்த கோடு மடிப்புக்கான பள்ளமாகவும் உருப்பெறுகின்றன. ஆம்பூர்க் காலணிப் பட்டறைகளில் மடிக்க வேண்டிய தோல் விளிம்பை முன்கூட்டியே சீவி மெலிதாக்குகிறார்களே, அதே யுக்திதான்.

கரைசல் ஆழத்தோடு பக்கவாட்டிலும் அரிக்கும் என்பதறிந்து, அந்த மயிரிழை நஷ்டத்தையும் கணக்கிட்டு வரைபவனே நிபுணன். சக்கரங்களை இணைக்கும் தண்டின் துளைகளும் சட்டத்தின் அச்சுத் துளைகளும் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தால்தான் வண்டி தடையின்றி ஓடும். அந்த ஓட்டமே அவனுக்குச் சன்மானம்.