பெட்டி பழுதில்லை

அத்திப்பட்டு புதுநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் படங்கள், பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் ரூட்டர் பக்கத்தில் இருக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பு) பெட்டிக்குள். புது லேப்டாப் வந்ததும் பெட்டியைக் காணோம். பச்சை விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் நெட்வொர்க் பட்டியலில் பெயர் இல்லை. ‘சிட்டிசன்’ (2001) படத்தில் அத்திப்பட்டி என்ற ஊரையே துடைத்துவிடுவார்கள். இங்கே போயிருப்பது பட்டியலில் இருந்த பெயர் மட்டும்.

எனவே பெயரை விட்டு ஐபி முகவரியைப் பிடிக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் ரூட்டர் பெட்டிக்கு வேறு முகவரி கொடுத்திருக்கலாம். ரூட்டருக்குள் போய் அந்தப் பெட்டிக்கென்று ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். இதில் வாதிட ஒன்றுமில்லை.

சரியான முகவரியை அடித்தும் திறக்கவில்லையா? சர்வீஸ் செய்பவர் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி1-க்கு டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்வார். பெட்டி வந்துவிடும். பலிக்கிற வைத்தியம் என்பதால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

எஸ்எம்பி1 என்பது 1980களில் வேர்விட்ட கோப்புப் பகிர்வு முறை. விண்டோஸில் அதற்கிருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் தந்தது. அதைப் போடாத கணினிகளை மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பிடித்தது. அடுத்த மாதம் நாட்பெட்யா என்ற தீநிரல் அதே ஓட்டையையும் பயன்படுத்திப் பரவி, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் முனையத்தை முடக்கியது. அத்திப்பட்டு பக்கமுள்ள காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் டிரெய்லர் வரிசையில் மாட்டியவர்களுக்கு, ஒரு முனையம் நின்றால் சாலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி1 முழுதாக இருப்பதில்லை; சில பதிப்புகளில் இருக்கும் பகுதியும் பயன்படாமல் கிடந்தால் தானாக நீங்கிவிடும்.

“வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு யார் வரப்போகிறார்கள்?” என்பது முழுக்கத் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. அப்டேட் ஆன விண்டோஸில் 2017-இன் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. பயமுறுத்துபவர்கள் சொல்லும் அளவுக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் எஸ்எம்பி1 மட்டுமே பேசத் தெரிந்த பெட்டிக்குப் பெரும்பாலும் அப்டேட்டே நின்று போயிருக்கும். இன்னொன்று: அந்த டிக்கை விரித்தால் உள்ளே கிளையன்ட், சர்வர் என்று தனித்தனியாக இருக்கும். பெட்டியைத் திறக்கக் கிளையன்ட் போதும். அவசரத்தில் மொத்தமாக டிக் போட்டால், லேப்டாப்பே பழைய முறையில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும்.

அடுத்த வைத்தியம், கெஸ்ட் அனுமதியைத் திரும்பக் கொடுப்பது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ கணினிகளில் கடவுச்சொல் இல்லாத நுழைவை நிறுத்திவிட்டது. எஸ்எம்பி இணைப்புகளுக்குக் கையொப்பச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கியது. இரண்டையும் தளர்த்தலாம். தளர்த்தி, பெட்டியைக் கடவுச்சொல் இல்லாமலே விட்டால், வைஃபையில் இருக்கும் எந்தக் கணினியில் வைரஸ் வந்தாலும் அது உங்கள் ஆல்பத்தில் எழுதலாம், அழிக்கலாம். பெட்டிக்குள் ஒரு யூசரும் பாஸ்வேர்டும் உருவாக்கச் சில நிமிடங்கள் போதும் என்னும்போது, இந்த வைத்தியத்துக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

துபாயில் இருக்கும் மகனும் பார்க்க வேண்டும் என்றால், வெளியிலிருந்து பெட்டிக்கு ரூட்டரில் வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கம் கை போகும். அதற்கு 2021 ஜூன் பதில் சொல்லும். இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடிந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டிகள் உலகெங்கும் ஒரே வீச்சில் ஃபாக்டரி ரீசெட் ஆகி, உள்ளிருந்தவை அழிந்தன. அவற்றுக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015-இல். போர்ட்டை உரிமையாளர் திறந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. யுபிஎன்பி என்ற தானியங்கி வசதி இருந்தால் ரூட்டரே திறந்துவிடும். அந்த வசதியை அணைத்து வையுங்கள். நம்மூர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால் போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது. ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்களுடையதும் அப்படித்தான். பலரும் குறையாகச் சொல்லும் இதை நான் தற்செயலான காவல் என்பேன்.

டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் அந்த முட்டுக்கட்டையையும் தாண்டும், பெட்டியை ஊருக்குத் திறந்தும் வைக்காது. குறை உண்டு: இணைப்பு ஏற்பாட்டுக்கு இன்னொரு நிறுவனத்தின் சர்வரை நம்ப வேண்டும். தயாரிப்பாளரின் கிளவுடை நம்பினாலும் இதே கதை. 2023 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை கிளவுட் சேவை பல நாள் நின்றபோது தெரிந்தது. இருந்தும் என் ஓட்டு விபிஎன்னுக்கே. அது நின்றால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். படங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கும்.

கடைசி ஃபர்ம்வேர் போட்டும், அடுத்த தலைமுறையான எஸ்எம்பி2 பேசாத பெட்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கிளையன்ட்டை மட்டும் இயக்கி, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி நேராக லேப்டாப்பில் மாட்ட வேண்டாம். பெரும்பாலான பெட்டிகள் லினக்ஸ் முறையில் எழுதியிருக்கும்; விண்டோஸ் அதைப் படிக்கத் தெரியாமல், ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும்.