குதிரையின் தார்: பரிவேட்டை வாகனமும் தோவாளை மாலையும்

குதிரைக் கலன்களைப் பற்றிய ஆய்வுகள் தோல், மரம், உலோகம் ஆகிய நிலைத்த பொருள்களையே பெரிதும் கணக்கிற்கொள்கின்றன. 2006இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் திபெத்தியப் படைக்கலன்களைக் காட்சிப்படுத்தியபோது, பொன்னும் வெள்ளியும் இழைத்த இரும்புத் தகடுகள் பொருத்திய சேணங்களும் அதில் இடம்பெற்றன. அவற்றின் வேலைப்பாடு, அமர்பவரின் உடல் மறைக்காத முன்வளைவிலும் பின்வளைவிலும் திரண்டுள்ளது. உலோகம் எஞ்சியதால் ஆய்வும் எளிதாயிற்று. இவ்வளவுகோலை நாஞ்சில் நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் தகாது.

விசயதசமியன்று கன்னியாகுமரி பகவதி அம்மன், பாணாசுரனை வதைக்கக் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்திற்கு எழுந்தருளும் பரிவேட்டை இதற்குத் தக்க சான்று. இங்குக் குதிரை சுமப்பதோடு தானும் சுமக்கப்படுகிறது. கடிவாளம் எதையும் அடக்குவதில்லை, அங்கவடிக்கும் வேலையில்லை. கலன்கள் அடையாளமாகவே எஞ்சுகின்றன. ஆனால் சேணத்திற்கு மற்றொரு பணியும் உண்டு: ஊர்பவரையும் ஊர்தியையும் ஓருருவாக்குதல். வாகனங்களில் திருமேனி அசையாதிருக்கக் கட்டும் கயிறுகளை மறைத்து அப்பணியை நிறைவேற்றுவன பட்டும் மாலையுமே. எனவே மாலையைச் சேணத்தின்மேல் இட்ட அலங்காரமாகக் கருதாமல், சேணத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ளவேண்டும்.

மலர்ச்சந்தையால் பெயர்பெற்ற தோவாளையின் மாணிக்க மாலை இக்கருத்திற்கு அரண் செய்கிறது. வெள்ளரளி, செவ்வரளிப் பூக்களும் நொச்சி இலையும் மடித்து, பாய் முடைந்தாற்போல் தட்டையாகத் தொடுக்கப்படும் இம்மாலை, மணிக்கல் இழைத்த பரப்பாகத் தோன்றுவது. திபெத்தியக் கம்மியர் இரும்பில் நாடிய தோற்றத்தைத் தோவாளைக் கைகள் ஒருநாள் வாழும் பூவில் கொணர்கின்றன. பூவும் கலனும் தமிழில் முன்பே நெருங்கியிருந்தன. 'தார்' என்னும் சொல் மார்பில் புரளும் மாலையையும் குதிரையின் கிண்கிணிமாலையையும் ஒருங்கே குறிப்பது. நிகண்டு மரபில் பயின்றோர்க்கு இது புதிதன்று. எனினும் வாகனங்களை ஆராய்வோர் இதனைப் பயன்கொண்டதாகத் தெரியவில்லை.

மாணிக்க மாலைக்கு 2025இல் கிடைத்த புவிசார் குறியீடு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அது பொருளை ஊரோடு இணைக்கும் சட்டக் காப்பு. எந்த மாலை வாகனத்தின் எவ்விடத்தில், எந்த முடிச்சால் கட்டப்படுகிறது என்பது அதன் எல்லைக்குள் வாராது. அதனைப் பதிவுசெய்ய, மாலை களையுமுன் வாகனத்தின் அருகில் நின்று, கட்டுவோரின் சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். வாகனக் கொட்டிலில் வெற்றுக் குதிரையை அளந்து வரைவதால் இது கிட்டாது.