உண்டியலும் கருவூலமும்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் ஒரு சிறு சங்கம் தொடங்கியது. எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் என்ற மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்றார்கள். ‘இனி செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளின் வலியைத் தணிப்பதுதான் வேலை. சில ஆண்டுகளில் அது மலப்புறத்தின் தெருக்களில் இறங்கியது. கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். செலவுக்குக் கடை உண்டியல்களில் விழுந்த சில்லறை உதவியது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி, திட்ட நிதியிலிருந்து மருந்துக்கும் வண்டிக்கும் பணம் ஒதுக்கத் தொடங்கின.

அரசுப் பணம் வந்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வளைகுடா வருமானமும் பழைய சங்கப் பழக்கமும் உள்ள ஊரில் உண்டியல் நிறையும். மலையோரத் தோட்டக் குடியிருப்பில் அப்படி நிறையுமா? ஈகை செழிக்கும் இடத்தைப் பார்த்துப் புற்றுநோய் வருவதில்லை. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் விஷயமோ பணத்தையும் தாண்டியது. 1985-இன் போதைப்பொருள் சட்டம் அந்த மருந்தை மருத்துவமனைகளிலிருந்தே ஏறக்குறைய விரட்டிவிட்டது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் உரிமச் சிக்கல் தளர்ந்தது. எத்தனை தன்னார்வலர் கூடினாலும் இது அவர்களால் ஆகிற காரியமல்ல.

அரசுப் பணம் இடறுவது பதிவேட்டில்தான். சிறுநீர்க் குழாய் மாற்றியதை, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட்டதை எழுதிக் காட்டலாம். ‘அவருக்கு என்ன நோய் என்று இன்னும் சொல்லவில்லை’ என்று அடுப்படியில் நின்று அழும் மனைவியோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தணிக்கைக்குப் புரிவது வருகை எண்ணிக்கை. அது கூடக் கூட, வண்டியில் தன்னார்வலருக்கு இருந்த இடம் சுருங்குகிறது. ‘அதான் பஞ்சாயத்து தருதே’ என்று உண்டியலைக் கடந்து போகிற கையும் உண்டு. ஒரே வீட்டுக்குச் சங்கத்து அணியும் ஊராட்சி அணியும் தனித்தனியே போவதும், பக்கத்து வீட்டுக்கு யாருமே போகாததும் இந்த இரட்டை ஏற்பாட்டின் விளைவுதான்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சை உண்டு. அதில் வீடுதோறும் போகும் பெண்களுக்குப் பெயர் தன்னார்வலர், கையில் கிடைப்பது ஊக்கத்தொகை. சம்பளம் கொடுக்காமலிருக்க இவ்வளவு அழகான சொல் வேறு அமையாது! செவிலியருக்கும் இந்தப் பெண்களுக்கும் முறையான ஊதியம், தடையில்லாத மார்ஃபின், ஓடுகிற வண்டி ஆகியவற்றுக்குக் கருவூலம் பொறுப்பேற்கட்டும். வண்டியில் ஓர் இருக்கையை மட்டும், பதிவேடு இல்லாமல் வருகிற அந்த ஊர்க்காரருக்கு விட்டுவைக்க வேண்டும்.