கற்பனைப் பெயர்களும் அவற்றின் ஒலியும்

ஊர்ப்பெயர் ஒன்றை எவ்வாறு ஒலிப்பதென்ற ஐயம் எழின் அவ்வூராரைக் கேட்டுத் தெளியலாம். எவரும் வாழாத உலகின் பெயர்களுக்கு அத்தகைய சான்று இல்லை. ஆதலின் அவற்றை எவ்வாறும் உச்சரிக்கலாம் என்பர் ஒரு சாரார். ஆசிரியன் விதித்தவாறே உச்சரித்தல் வேண்டும் என்பர் மறுசாரார். மேலைநாட்டு மாயக்கதைகளையும், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்களையும் நோக்குமிடத்து இவ்விரு கூற்றுக்களும் முழு உண்மையல்ல என்பது புலனாகும்.

முதற்கண் ஜே. ஆர். ஆர். ரொல்கீனை நோக்குவோம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய இவர், மொழிகளை முதலிற் படைத்து, அவற்றைப் பேசுவோருக்கெனப் பின்னர் கதை அமைத்தவர். 'த லோட் ஒஃப் த றிங்ஸ்' நூலின் மூன்றாம் பாகத்தில் (1955) பெயர்களின் உச்சரிப்பை விளக்கும் பின்னிணைப்பு உண்டு. அதன்படி ஆங்கில 'சி' எழுத்து எங்கும் ககர ஒலியே பெறும். எனவே 'செலெபோர்ன்' என்பது வழு. 'கெலெபோர்ன்' என்பதே சரி. இது வெறும் பிடிவாதமன்று. அப்பெயர் சிந்தாரின் என்னும் புனைமொழிக்குரியது. அதன் ஓசையமைப்பை ரொல்கீன் வேல்ஸ் மொழியைத் தழுவி அமைத்தார். வேல்ஸ் மொழியிலும் அவ்வெழுத்து ககரமே. ஆகவே பெயரைச் சிதைப்பவர் மொழியின் இயல்பையே சிதைப்பவராகின்றார்.

விளையாட்டின் நிலை வேறு. கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. அதன் பெயர்கள் பல செவிக்கெனப் பிறந்தவையல்ல. 'ட்ரோமிஜ்' என்ற மந்திரவாதியின் பெயர், ஜிம் வோட் என்பவரின் பெயரெழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாக எழுதியதால் வந்தது. 1976இல் தோன்றிய 'வெக்னா', எழுத்தாளர் ஜக் வான்ஸின் பெயரெழுத்துக்களை மாற்றி அடுக்கியதன் விளைவு. 'வான்ஸ்' என்பதிற் சகரமாய் ஒலித்த அதே எழுத்து 'வெக்னா'வில் ககரமாகிவிட்டமை அவதானிக்கத்தக்கது. இப்பெயர்களின் தாயகம் அச்செழுத்தே. 1985இல் 'டிராகன்' சஞ்சிகை உச்சரிப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட நேர்ந்ததும் இதனாலேயே எனலாம். ஆயினும் அவ்வழிகாட்டிக்கு ரொல்கீனின் பின்னிணைப்புக்குள்ள அதிகாரம் இல்லை. முன்னது ஒரு மொழியின் இலக்கணம். பின்னது வழக்கை ஒழுங்குபடுத்தும் முயற்சி மாத்திரமே.

தமிழில் எழுதுவோர் இச்சிக்கலைத் தட்டிக்கழிக்க இயலாது. ஆங்கில நூலைக் கண்ணால் வாசிப்பவர் ஒலியைத் தீர்மானிக்காமலே கடந்து செல்லலாம்; தமிழில் அப்பெயரை எழுதப் புகுபவரோ 'செ' அல்லது 'கெ' என ஒன்றைத் தெரிந்தாகவேண்டும். நாம் 'ரொல்கீன்' என எழுதுபவரைத் தமிழகத்தார் 'டோல்கீன்' என எழுதுவதும் அத்தகைய தெரிவின் விளைவேயன்றி வழுவன்று.

ஆகவே, ஒலியமைதியோடு பிறந்த பெயருக்கு ஆசிரியனே அதிகாரி. எழுத்தில் மட்டும் பிறந்த பெயருக்கு அதை வாய்விட்டு வழங்குவோரே அதிகாரிகள். நூல்வழி மாத்திரம் ஒரு பெயரை அறிந்தவர் அதனை வேறாக ஒலித்தால், அவரை நகைப்பது அறிவுடைமையாகாது. அப்பெயரை அவர் கேட்டதில்லை, தாமே படித்தறிந்தார் என்பதற்கு அவ்வுச்சரிப்பே சான்றாகும்.